திருப்பி அனுப்பிய கோரிக்கைகளும் கணக்கில் வரட்டும்

இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்குத் தரும் கிளவுடில் எவ்வளவு சர்வர் கேட்டாலும் கிடைத்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பது ஒரு சரக்குக் கணக்கு. சர்வர் அடுக்கும் ரேக், மெமரி, மின்சாரம், குளிரூட்டல் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. புது சர்வருக்கு ஆர்டர் போட்டு, அது வந்து இறங்கி, பொருத்திச் சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வாடிக்கையாளருக்கோ அடுத்த நிமிடமே வேண்டும். அதனால் யாராவது முன்கூட்டியே கணித்துத்தான் ஆக வேண்டும். அந்த வேலையை, பழைய டேட்டாவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் மெஷின் லேர்னிங்கிடம் கொடுப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதற்கு எந்த டேட்டாவைக் கொடுக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இருக்கிற சர்வர்களைச் சரியாகப் பயன்படுத்துவதில் இது ஏற்கெனவே பலன் தந்திருக்கிறது. ஒரு விர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் பிரித்துத் தரும் தனிக் கணினி) எவ்வளவு நேரம் ஓடும், சிபியுவை எவ்வளவு எடுக்கும் என்று கணிக்கும் ‘ரிசோர்ஸ் சென்ட்ரல்’ பற்றி மைக்ரோசாஃப்ட் 2017இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று தானே தீர்மானிக்கும் கூகுளின் ‘ஆட்டோபைலட்’ பற்றிய 2020ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் தெளிவு: மனிதர்கள் அளவு குறித்த வேலைகளில், ஒதுக்கியும் பயன்படாமல் கிடந்த பங்கு 46%. ஆட்டோபைலட் கவனித்தவற்றில் 23%. புதிதாக எதுவும் வாங்காமலே கிடைத்த இடம் இது.

புது சர்வர் ஆர்டர் போடும் கணிப்புக்கு வந்தால் கதை வேறு. ஒரு டேட்டா சென்டர் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அடுத்து வரும் கோரிக்கைகள் “இடமில்லை” என்று திரும்பிப் போகும். பயன்பாட்டு வரைபடத்தில் தெரிவது ஏறாமல் கிடக்கும் கோடு மட்டும். அதை வைத்துப் பயிற்சி பெற்ற கணிப்பு மாடல், தேவை வளரவில்லை என்று முடிவு கட்டும். ஆர்டர் குறையும், பற்றாக்குறை தொடரும். இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கிடைக்காதவர் பக்கத்து ரீஜியனுக்கு (வேறு ஊரில் இருக்கும் டேட்டா சென்டர் தொகுதிக்கு) போவார், அங்கே தேவை பொய்யாக வீங்கும். அதனால் மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையையும் அளவு, வகை, நேரத்தோடு பதிந்து வைக்க வேண்டும். அப்படியே எண்ணினாலும் தப்பு. வாடிக்கையாளரின் ஒரே ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு புரோகிராம்) விடாமல் நூறு முறை முயன்றிருக்கும், அது ஒரு தேவைதான். இந்தச் சலிப்பான சுத்திகரிப்பு வேலைக்கு நல்ல பொறியாளர்களை ஒதுக்குங்கள். மாடலை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட இதில் பலன் அதிகம்.

அப்புறம், மாடலிடம் ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். கூடுதலாக வாங்கினால் சர்வர் சும்மா கிடந்து பழசாகும். ஏஐ வளர்ச்சி வேகத்தைக் காரணம் காட்டி, அமேசான் தன் சர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுள் கணக்கை 2025 முதல் 6 ஆண்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. குறைவாக வாங்கினால் வாடிக்கையாளரே போய்விடுவார். இரண்டும் ஒரே அளவு நஷ்டம் கிடையாது. பத்துக்கு ஒன்பது தடவை தேவையைச் சமாளிக்க எத்தனை சர்வர் வேண்டும், பாதித் தடவை சமாளிக்க எத்தனை என்று வரம்பாகக் கேட்டால்தான் எவ்வளவு ஆர்டர் போடுவது என்று பேச முடியும். 2020 மார்ச்சில் உலகமே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதைப் பழைய டேட்டா எதுவும் சொல்லியிருக்காது. அந்த மாதிரி நேரத்துக்கான கையிருப்பை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாதாந்தரக் கூட்டத்தில் பயன்பாட்டுச் சதவீதத்தைப் பெருமையாகக் காட்டுகிறோம். அதே பக்கத்தில், அந்த மாதம் எத்தனை கோரிக்கைகளைத் திருப்பி அனுப்பினோம் என்பதையும் காட்டச் சொல்லுங்கள்.