குழாய் வரும் முன் அதைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்

இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் குழாய் வரப்போகிறது, கொழும்புக்கு வடக்கே மின் நிலையங்கள் இருக்கும் கெரவலப்பிட்டிக்குக் கடலிலிருந்து எரிவாயுக் குழாய் வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் என் நண்பர் வட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிக்கிறது. ஒரு கட்சிக்கு நாடு விற்றாகிவிட்டது. மற்றக் கட்சிக்கு நாளைக்கே கரண்ட் பில் பாதியாகிவிடும். எனக்கு இருப்பது ஒரே கேள்விதான்: அந்தக் குழாயின் கட்டணக் கணக்கையும் பரிசோதனை அறிக்கையையும் இந்த நாட்டில் யார் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப் போகிறார்கள்?

நான் அரச நிறுவனமொன்றில் பகுப்பாய்வாளர். (எது என்று கேட்க வேண்டாம், வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை.) என் மேசைக்கு வருவது மின்சார எண்கள். எண்ணெய், எரிவாயு வருவதில்லை. அதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் 2002இல் வந்தது, மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2009 மின்சாரச் சட்டத்தோடு அதன் கைக்கு வந்தது. பெற்றோலியமும் அது பார்க்க வேண்டிய துறைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது, ஆனால் அந்தத் துறைக்கான தனிச் சட்டம் மட்டும் வருடக்கணக்காக வரைவாகவே கிடந்தது. பெயர்ப்பலகை மாட்டியாயிற்று, கடை திறக்கவில்லை.

"இலங்கையில் எங்கே ஐயா குழாய்?" என்று கேட்பவர்களுக்கு: காலடியிலேயே இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைத் தாங்கிகளுக்கு எரிபொருள் நிலத்தடிக் குழாயில்தான் போகிறது. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலைக்கான மசகு எண்ணெய் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து மிதவை வழியாகக் கடலடிக் குழாயில் கரையேறுகிறது, முத்துராஜவெலத் தாங்கிகளுக்குச் சுத்திகரித்த எரிபொருள் வருவதும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் நாம் கண்ணால் காணும் பவுசரும் ரயில் தாங்கியும். துறைமுகக் குழாய்கள் மிகப் பழையவை, பாதையின் மேல் வீடுகள் முளைத்ததால் மாற்றும் வேலை வருடக்கணக்கில் இழுபட்டது. அந்த வீட்டுக்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்? கொழும்பில் ஏழைக்குக் கிடைக்கும் நிலம் அப்படிப்பட்ட இடத்தில்தான். முதல் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய அன்றே கேட்டிருக்க வேண்டிய அரசாங்க மேசை எங்கே இருந்தது?

குழாய்ப் பாதுகாப்பு என்றால் எல்லோரும் ஹெல்மட் போட்ட பொறியியலாளரை நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது காகித வேலை. 2010 செப்டெம்பர் 9ஆம் திகதி கலிபோர்னியாவின் சான் புரூனோவில், 1956இல் புதைத்த 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் செத்தார்கள், 38 வீடுகள் அழிந்தன, எரிவாயுவை நிறுத்தவே 95 நிமிடம் பிடித்தது. விசாரித்துப் பார்த்தால் கம்பனிப் பதிவேட்டில் அது வெல்டிங் மூட்டே இல்லாத குழாய். மண்ணுக்குள் இருந்ததோ நெடுக வெல்டிங் செய்த குழாய், அதிலும் சில துண்டுகளுக்கு உட்பக்க வெல்டிங்கே இல்லை. அந்த அளவில் மூட்டில்லாத குழாய் அந்தக் காலத்தில் கிடைத்திருக்குமா என்று பதிவேட்டைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் போதும், ஐம்பத்துச் சொச்ச வருடம் யாரும் சந்தேகப்படவில்லை. அங்கே ஒழுங்குபடுத்தும் அலுவலகங்கள் இல்லாமலா? இருந்தன. விசாரணை அறிக்கை அவற்றையும் சேர்த்துத்தான் சாடியது.

அதே வருடம் ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் அருகே எண்ணெய்க் குழாய் உடைந்தது. கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தபடி இருக்க, குழாய்க்குள் திரவம் நிரம்பாத இடைவெளி என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை திரும்பவும் பம்பைப் போட்டார்கள். 17 மணித்தியாலம் கழித்து "எண்ணெய் ஓடுது" என்று சொன்னது வேறொரு கம்பனியின் ஊழியர். இங்கே அப்படி நடந்தால் முதலில் ஒரு விசாரணைக் குழு, அப்புறம் அந்தக் குழுவின் அறிக்கை எங்கே என்று தேட இன்னொரு குழு.

சரி, பணத்துக்கு வருவோம், என் சொந்த ஊர் அதுதான். எரிவாயு ஒப்பந்தங்களில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். எரிவாயுவை இறக்கும் முனையத்துக்கும் குழாய்க்கும் தனியாக மாதாந்த வாடகை மாதிரி ஒன்று. இதில் தவறில்லை, முதல் போட்டவன் வேறு எப்படித் திருப்பி எடுப்பான்? ஆனால் நம்முடையது மழையை நம்பிய மின்சாரம். காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியும் வருடத்தில் கெரவலப்பிட்டி நிலையங்கள் குறைவாகவே ஓடும், எரிவாயு வேண்டியிருக்காது, பில் மட்டும் தவறாமல் வரும். அதை யார் கட்டுவது? நீங்களும் நானும், அலகுக் கட்டணத்துக்குள் ஒளித்து. எவ்வளவு கொள்ளளவுக்கு, எத்தனை வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை மழைப் பதிவோடு வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவர் கையெழுத்துக்கு முன் வேண்டும். 2021இல் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கிய பிறகுதானே சிலிண்டருக்குள் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று கேட்கவே தொடங்கினோம்?

அமெரிக்காவில் மாநிலங்களைக் கடக்கும் எரிவாயுக் குழாயின் கட்டணத்தைப் பார்ப்பது ஒரு அலுவலகம், பாதுகாப்பைப் பார்ப்பது வேறொன்று. இந்தியா 2006இல் பெற்றோலியத்துக்கும் எரிவாயுவுக்கும் தனி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கவே சட்டம் போட்டது. நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். பத்துப் பேர், ஆவணத்தைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கும் சட்ட அதிகாரம், கேட்டதற்காக இடமாற்றம் செய்ய முடியாத பாதுகாப்பு, இவ்வளவும் போதும். ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எண் தெரிந்தவர்கள் பாதிப் பேர் மெல்பேர்னுக்கும் டோஹாவுக்கும் போய்விட்டார்கள், மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் கம்பனி ஆலோசகர் ஒரு நாளைக்கு வாங்குவதை நாங்கள் மாதச் சம்பளமாக வாங்குகிறோம்.

இருந்தாலும் அப்படியொரு மேசை போட்டால் முதல் விண்ணப்பம் என்னுடையது. சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, யாரும் போட்டுக் கொடுக்காதீர்கள்.