டாக்டர் ஏன் போகிறார் என்று கடைசி நாளில் கேட்காதீர்கள்

மருத்துவமனை நிர்வாகத்தில் பல வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு டாக்டர் ராஜினாமா கடிதம் கொடுத்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அவருடைய சம்பளத்தை. எவ்வளவு கூட்டித் தரலாம், ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று கணக்குப் போடுவோம். அப்படி ஒரு சர்ஜனை நானே பேசி நிறுத்தினேன். ஆறே மாதத்தில் போய்விட்டார். போகும்போது சொன்னது இன்னும் மறக்கவில்லை: "ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை மாற்றும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை." அந்த மூன்று கடிதங்களும் என் மேஜைக்கு வந்தவைதான்.

ஒருவர் வேலையில் நீடிக்க மூன்று காரணங்கள் உண்டு என்று நிறுவன உளவியல் ஆய்வாளர்களான ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-இல் எழுதினார்கள்: மனம் ஒட்டிப்போவது, விட்டுப்போனால் வரும் நஷ்டம், கடமை உணர்வு. ஒப்பந்தமும் ஊக்கத்தொகையும் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தொடுகின்றன. இன்னோர் இடத்தில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

டாக்டரின் முதல் விசுவாசம் நோயாளிக்கு, அப்புறம் தன் தொழிலுக்கு, அதற்குப் பிறகுதான் நிறுவனத்துக்கு. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நோயாளியை நன்றாகப் பார்க்க இந்த இடம் உதவுகிறது என்று தோன்றினால் அந்தப் பற்று நிறுவனத்தின் மீதும் படியும். இடைஞ்சல் என்று தோன்றினால் படியவே படியாது.

இடைஞ்சல் எவ்வளவு பெரியது தெரியுமா? அமெரிக்காவில் 57 டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவு, மேஜை வேலை என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறதாம்.

அமெரிக்காவின் ஹவாயில் மருத்துவமனைகள் நடத்தும் ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற நிறுவனம் 2017-இல் தன் ஊழியர்களிடம், கணினிப் பதிவில் தேவையில்லாதது என்று தோன்றுவதை எழுதிக் கொடுங்கள் என்றது. வந்ததைப் படித்து, பலவற்றை எடுத்தும் விட்டது. செவிலியர்கள் மணிக்கொரு தடவை நோயாளியைப் பார்த்ததற்காக அழுத்த வேண்டியிருந்த ஒரு பதிவு மட்டுமே நான்கு மருத்துவமனைகளில் மாதம் சுமார் 1,700 மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. புதிதாக எதையும் வாங்கித் தராமலே அத்தனை நேரம் மிச்சமானது!

அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவ நிறுவனத்தில் 2,800க்கும் மேற்பட்ட டாக்டர்களிடம் எடுத்து 2015-இல் வெளியான ஆய்வும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. நேரடி மேலதிகாரி தகவலை மறைக்காமல் சொல்கிறாரா, யோசனை கேட்கிறாரா என்பதற்கும் டாக்டர்களின் களைப்புக்கும் திருப்திக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் துறைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் சீனியாரிட்டியையும் கைத்திறமையையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கேட்டதையெல்லாம் செய்துகொடுக்க எந்த நிர்வாகத்தாலும் முடியாது. சரி, முடியாது என்றே சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவர்கள் டாக்டர்கள், புரிந்துகொள்வார்கள். இன்று உங்கள் மேஜையில் பதில் போகாமல் கிடக்கும் டாக்டர்களின் கடிதங்களை எடுத்து, தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஆகப் பழையதை எழுதியவரை நாளைக் காலை அவருடைய அறையிலேயே போய்ப் பாருங்கள்.