ஆல் மவுண்டன் ஸ்கீ வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் இடுப்பை அளந்து பாருங்கள்

"ஆல் மவுண்டன் ஸ்கீ எது நல்லது?" என்று, அதாவது மலையின் எல்லாவிதப் பனிக்கும் பொதுவான பனிச்சறுக்கு ஸ்கீ எது என்று, யாராவது கேட்டுவிட்டால் போதும், பதில் சொல்கிறவர்களின் கை தானாக 100 மில்லிமீட்டர் இடுப்பகலம் உள்ளதன் பக்கம் போய்விடுகிறது. புதுப்பனி விழுந்தால் அப்படியே மிதக்குமாம். விழுந்தால் சரி. விழாத நாளில் என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நாட்களில் சறுக்குவது, இரவோடு இரவாக இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த தடத்தில்தான். காலையில் அது கல் மாதிரி இருக்கும். மதியத்துக்குள் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். இந்த இரண்டையும் தாங்குகிற ஸ்கீதான் முதல் தேவை. முழங்கால் ஆழப் பவுடர் (மென்மையான புதுப்பனி) கிடைக்கிற மூன்று நாளுக்காக மீதி நாளெல்லாம் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அலைவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஸ்கீயின் மேல் 128-88-112 என்பதுபோல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முறையே நுனி, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். நடு எண்ணைப் பாருங்கள். 75க்குக் கீழே என்றால் கெட்டித் தடத்துக்கென்றே செய்தது. 105ஐத் தாண்டினால் பவுடருக்கானது. இடையில் 80 முதல் 100 வரை இருப்பதையெல்லாம் 'ஆல் மவுண்டன்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். 82க்கும் 100க்கும் குணத்தில் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

காரணம் எளிது. ஆல்பைன் பூட் காலணியின் அடிப்பகுதி, பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிணைக்கிற கவ்வி) கவ்வுகிற இடத்தில், சுமார் 70 மி.மீ. அகலம். ஸ்கீயின் இடுப்பும் 70 என்றால் அதன் இரும்பு ஓரம் பூட்டின் ஓரத்துக்கு நேர் கீழே வந்துவிடும். இடுப்பு 100 என்றால் இரண்டு பக்கமும் 15 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். திரும்புவதற்காக ஸ்கீயைச் சாய்த்து ஓரத்தைக் கெட்டிப்பனியில் பதிக்கும்போது, பனி திருப்பித் தள்ளுவது அந்த நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைத்தான். அந்த விசை ஸ்கீயை மறுபடி தட்டையாக்கப் பார்க்கும். அதை எதிர்த்துச் சாய்வைப் பிடித்து நிறுத்துகிற வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும். ஒரு சாய்விலிருந்து மறு சாய்வுக்கு மாறவும் கூடுதல் நேரம் பிடிக்கும். மென்பனியில் ஸ்கீ மொத்தமாக உள்ளே அமிழ்ந்துவிடுவதால் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. ஆகவே ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் கணக்கு 84 முதல் 92 வரை. ஜப்பானின் ஹொக்கைடோ மாதிரி பனி கொட்டுகிற இடத்திலேயே சீசன் முழுக்கச் சறுக்குகிறவர்கள் 100க்கு மேல் போகட்டும், அவர்கள் விஷயம் வேறு.

அடுத்தது வளைவு ஆரம், அதாவது ஸ்கீயின் பக்க வளைவு இயல்பாகப் போடுகிற திருப்பத்தின் ஆரம். 15 முதல் 18 மீட்டருக்குள் இருந்தால் சிறிய திருப்பத்துக்கும் ஆகும், வேகமான நீண்ட திருப்பத்துக்கும் ஆகும். ஒரே மாடலிலேயே நீளம் மாறினால் ஆரமும் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விளம்பரத்தில் போடுவது ஏதோ ஒரு நீளத்துக்கான எண். உங்கள் நீளத்துக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்.

ராக்கர், கேம்பர் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட கடையில் இரண்டு ஸ்கீயையும் எடுத்து அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில், காலடி வருகிற இடத்தில், வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தால் அது கேம்பர். மேலே ஆள் நின்றதும் அந்த வில் நிமிர்ந்து ஓரத்தை நீளவாக்கில் பனியில் அழுத்தும். கெட்டித் தடத்தில் பிடிமானம் கிடைப்பது அதனால்தான். இப்போது நடுவில் கையால் அமுக்கி இடைவெளியை மூடுங்கள். நுனிப் பக்கம் எந்த இடத்திலிருந்து இரண்டும் பிரிகின்றன என்று கவனியுங்கள். அங்கிருந்து மேலே இருப்பது ராக்கர். பிரிவு நுனிக்கு ஒரு சாண் கீழே தொடங்கினால் அளவான ராக்கர், கலைந்த பனியில் நுனி குத்தாமல் ஏறிப்போக இது போதும். பிரிவு பைண்டிங் வரை இறங்கி வந்து, வாலும் அதேபோல் விரிந்திருந்தால், 180 செ.மீ. என்று வாங்குகிற ஸ்கீ கெட்டித் தடத்தில் 150 மாதிரிதான் நடந்துகொள்ளும். எனக்குப் பிடித்தது நுனியில் ராக்கர், காலடியில் நல்ல கேம்பர், வாலில் பேருக்குக் கொஞ்சம் தூக்கல்.

நீளத்தில் நடக்கிற தவறும் இதிலிருந்துதான் வருகிறது. தாடைக்கும் உச்சந்தலைக்கும் இடையில் என்பது பழைய கணக்கு, இன்னமும் செல்லும். ஆனால் ராக்கர் அதிகமானால் அந்த வரம்பின் மேல் பக்கத்துக்குப் போக வேண்டும். உயரத்தை மட்டும் கேட்டு நீளம் சொல்கிற விற்பனையாளரை நம்பாதீர்கள். ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். ஒரே உயரமுள்ள 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே நீளம் வாங்கினால், இரண்டு பேரில் ஒருவருக்கு அது வளையாது, இல்லை மற்றவருக்கு ரொம்பவே வளையும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். மர நடுவின் மேலும் கீழும் டைட்டனல் தகடு வைத்தால் அதிர்வு அடங்கும், வேகத்தில் நுனி படபடக்காது. பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று நினைத்துவிடாதீர்கள், அது அலுமினியக் கலவை. இரண்டு முழுத் தகடு வைத்த ஸ்கீ எடை கூடியது, வளைக்க வேகமும் உடல்பலமும் கேட்கும். இடைநிலையில் இருப்பவர் அதை மெதுவாக ஓட்டினால் திரும்பாமல் அடம்பிடிக்கும். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஃபோல்க்ல் நிறுவனத்தின் மந்த்ரா ஸ்கீயின் எம்5 தலைமுறையில் டைட்டனலை முழுத் தகடாகப் போடாமல் ஓரங்களைச் சுற்றிச் சட்டம்போல வைத்தார்கள். பிடிமானம் ஓரத்தில்தானே வேண்டும். (பெயர்தான் மந்திரம், இடுப்பு 96. நம் கணக்குக்குக் கொஞ்சம் அகலம்தான்.) தகடே இல்லாமல் மரமும் கண்ணாடியிழையும் மட்டும் உள்ள ஸ்கீ, எடை குறைந்த ஆளுக்கும் நிதானமாகச் சறுக்குகிறவருக்கும் தாராளமாகப் போதும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

இனி பைண்டிங். ஸ்கீக்கு மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்துவிட்டு இதை ஐந்து நிமிடத்தில் முடிப்பவர்கள்தான் அதிகம். டின் எண் என்பது விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடும் என்பதற்கான அளவு; எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்துக் கணக்கிடுவது. உங்கள் எண் 6 என்றால் 3-10 அல்லது 4-12 வரம்புள்ள பைண்டிங் வாங்குங்கள். 6-16 வாங்கினால் நீங்கள் வரம்பின் அடிமட்டத்தில் நிற்பீர்கள், பிறகு எடை குறைந்தால் இறக்குவதற்கு இடமே இருக்காது. பிரேக்கின் அகலம் இடுப்புக்குச் சமமாகவோ, 15 மி.மீ.க்கு மிகாமல் கூடுதலாகவோ இருக்கட்டும். குறைந்தால் ஸ்கீயின் பக்கவாட்டில் சிக்கி, கழன்ற ஸ்கீ நிற்காமல் ஓடும். ரொம்ப அகலமானால் சாய்க்கும்போது பனியில் உரசும். உங்கள் பூட் கிரிப்வாக் அடி கொண்டதா என்றும் பாருங்கள். முனை வளைந்த அந்த அடியை, அதற்கென்று செய்யாத பழைய பைண்டிங்கில் மாட்டினால் உள்ளே போய் உட்காரத்தான் செய்யும். விழும்போது விடுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பைண்டிங்கைப் பொருத்த ஸ்கீயில் துளை போடுகிறவரிடமும் ஒரு கண் வையுங்கள். ஸ்கீயின் மேலேயே 3.5 x 9 அல்லது 4.1 x 9 என்று எழுதியிருக்கும். முதலாவது துளையின் விட்டம், இரண்டாவது ஆழம். உலோகத் தகடு உள்ளதற்கு 4.1. அதில் 3.5 துளை போட்டுத் திருகை ஏற்றினால் தகடு மேலே உப்பும், அடுக்கு பிரியும். துளைக்குள் பசை விடாமல் திருகினால் தண்ணீர் இறங்கி மரம் உள்ளேயே இற்றுப்போகும். ஒருநாள் திருகு மொத்தமாகக் கையோடு வரும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க முடிந்தால், வாடகை பூட் வேண்டாம், உங்கள் சொந்த பூட்டையே போடுங்கள். பூட் தளர்வாக இருந்தால் எந்த ஸ்கீயும் கெட்ட ஸ்கீதான். எல்லா ஜோடியையும் ஒரே தடத்தில் ஓட்டுங்கள், காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. கிளம்பும் முன் கட்டைவிரல் நகத்தை ஓரத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சீவவில்லை என்றால் ஓரம் மழுங்கியிருக்கிறது. அந்த ஸ்கீ கெட்டித் தடத்தில் வழுக்குவதற்கு இடுப்பைக் குறை சொல்ல வேண்டாம், தீட்டித் தரச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பக்க ஓரத்துக்கு 2 பாகை, அடி ஓரத்துக்கு 1 பாகை என்று கேட்டால் அவர்களுக்கே புரியும்.