புனலூர் தொங்குபாலமும் நம் ஊர் ஆற்றங்கரைகளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு செங்கோட்டையிலிருந்து ரயிலேறி, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கேரளத்திலுள்ள புனலூருக்குச் சென்று, கல்லடையாற்றின் மேல் நிற்கும் தொங்குபாலத்தில் நடந்துவிட்டு வந்தேன். பழைய பாலங்களைப் பற்றியும் ஆற்றங்கரைகளைப் பற்றியும் நெடுநாளாக மனத்தில் இருந்த ஓர் எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. பழைய பாலமொன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் அதில் மக்களை நடக்கவிட வேண்டும்; ஆற்றங்கரையை அழகுபடுத்துவதென்றால் மக்களைத் தண்ணீர் வரைக்கும் போகவிட வேண்டும்.

பாலத்தை மலையாளத்தில் தூக்குபாலம் என்கிறார்கள். தூக்குப்பாலம் என்றதும் நமக்குப் பாம்பன்தான் நினைவுக்கு வரும்; கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கப்படுவது அது. இங்கே தூக்கு என்றால் தொங்குதல். ஆற்றின் இரு கரையிலும் கோட்டை வாசல் போலக் கருங்கல் வளைவுகள் நிற்கின்றன. அவற்றின் உச்சியிலிருந்து இரண்டு பெரும் இரும்புச் சங்கிலிகள் நடுவில் தாழ்ந்து இறங்கி, ஏறத்தாழ 400 அடி நீளமுள்ள மரத்தளத்தைத் தாங்குகின்றன. திருவிதாங்கூரை ஆயில்யம் திருநாள் ஆண்ட காலத்தில், திவான் நாணு பிள்ளையின் பொறுப்பில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1877இல் இதைக் கட்டி முடித்தார். 1880இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. பாலம் தாங்குமா என்று ஊரார் அஞ்சியபோது, ஹென்றி தம் குடும்பத்தோடு பாலத்துக்கு நேர் கீழே படகில் அமர்ந்துகொண்டு, மேலே யானைகளை நடக்க வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். காட்டு விலங்குகள் ஆற்றைக் கடந்து ஊருக்குள் வரக்கூடாது, ஆடும் பாலத்தில் அவை கால் வைக்கத் தயங்கும் என்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள் என்பது இன்னொரு பேச்சு.

இந்தப் பாலத்தை அயலூர்க் காட்சிப்பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. கொல்லத்திலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கு வரும் பாதை புனலூரில் இந்த ஆற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். ரயில் 1904இல் வந்தது. அதற்கு முன் கால் நூற்றாண்டுக் காலம் வண்டிமாடுகள் இந்தப் பலகைகளின் மேல்தான் நடந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்தான். இன்றைக்கும் பாவூர்ச்சத்திரத்துக் காய்கறி லாரிகள் எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பக்கத்திலுள்ள கான்கிரீட் பாலத்தில் செல்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

அந்தக் கான்கிரீட் பாலத்தைக் கட்டியபோது பழையதை உடைத்து இரும்பை எடைக்குப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் வண்டிகளைப் புதியதற்கு மாற்றி, பழையதை நடப்பவர்களுக்கு விட்டார்களே, அதுதான் இந்த ஊர் செய்த மிக நல்ல காரியம் என்று நினைக்கிறேன். பாலம் இப்போது கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பலகைகள் உளுத்துப்போகும்போது பாலத்தை மூடிப் பழுது பார்த்துத் திறக்கிறார்கள். பெயர்ந்த இடத்தில் சிமெண்டைக் கொட்டாமல் கம்பக மரத்தையே மறுபடியும் பதிக்கிறார்கள். கம்பகம் கறையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் அசராத மரம். செலவு பிடிக்கும் வேலைதான், ஐயமில்லை. ஆனால் மரத்தில் கால் வைக்கும்போது கிடைக்கும் அந்த மெல்லிய அதிர்வு இல்லாவிட்டால் அது தொங்குபாலமே அன்று.

அம்மா முதல் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "ஆடுதே, தம்பி" என்றார். "ஆடத்தாம்மா செய்யும், கையைப் பிடிச்சுக்கோங்க" என்றேன். நடுப்பகுதிக்கு வந்ததும் என் கையை விட்டுவிட்டு, குனிந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவேயுள்ள விரல் அகல இடைவெளியில் ஆற்றைப் பார்த்தார். கீழே பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு தேங்காய் மட்டை சுழியில் மாட்டிச் சுற்றிச் சுற்றி வந்தது. தலைக்கு நேரே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் என் முழங்கையை விட நீளமாகத் தெரிந்தது. இணைப்பு ஆணியின் தலையில் பூசிய சாயத்தின் கீழிருந்து பழைய துருவின் மேடுகள் தெரிந்தன. சிறுமியாக இருந்தபோது ஆச்சியோடு புனலூருக்கு வந்திருப்பதாகவும், அப்போது இந்தப் பாலத்தை ஓடியே கடந்ததாகவும் அம்மா சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி என்னும் மூன்று ஆறுகள் மலையில் கூடிக் கல்லடையாறாகி, புனலூர் வழியே போய் அஷ்டமுடிக் காயலில் கலக்கின்றன. இவ்வளவு பெரிய ஆறு ஊர் நடுவே ஓடும்போது, பாலத்தில் நடந்தவர்கள் இறங்கிக் கரையோரமாகவும் தொடர்ந்து நடக்கும்படி ஒரு மண்பாதை வேண்டும். நிழலுக்கு அந்த மண்ணின் மரங்களே போதும். கால் நனைக்க நாலு கற்படிகள் இருந்தால் அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில், ஆற்றங்கரையைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய படித்துறையின் மேல் வழுக்கும் ஓடுகளைப் பதித்து, இடுப்பளவுச் சுவரை எழுப்பி, கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். காலையில் துணி துவைக்க வந்துகொண்டிருந்த பெண்கள் இப்போது வருவதில்லை. நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆற்றைச் சுவருக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்க்கச் செய்வதற்குப் பூங்கா என்று பெயரிட்டிருப்பது எனக்குப் பெரும் வருத்தம். புனலூர்க் கரையில் ஒருநாள் வேலை தொடங்கும்போது அந்தத் தவற்றைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

மாலை ரயிலுக்கு நேரமிருந்ததால் இன்னொரு முறை பாலத்தில் ஏறினோம். பள்ளிப் பிள்ளைகள் சிலர் வேண்டுமென்றே குதித்துத் தளத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அம்மா என் கையைப் பிடிக்கவில்லை.