1888-இல் எத்தனை அமெரிக்க மாநிலங்களுக்குக் கொடி இருந்தது?

ஆலன் அண்ட் ஜின்டர் என்ற அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1888-இல் சிகரெட் பெட்டியில் வைத்துத் தந்த 'மாநிலங்கள், பிரதேசங்களின் கொடிகள்' அட்டைகளை அன்றைய அதிகாரபூர்வ அமெரிக்க மாநிலக் கொடிகள் என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான அட்டைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது பல மாநிலங்களுக்குச் சட்டப்படி ஏற்ற கொடியே கிடையாது. கலிபோர்னியா கரடிக் கொடியை ஏற்றது 1911-இல், ஒஹையோ 1902-இல். அரிசோனா மாநிலமானதே 1912-இல்தான். கொடி வந்தது இன்னும் ஐந்து ஆண்டு கழித்து!

இல்லாத கொடிக்கு ஓவியர் என்ன செய்வார்? மாநில முத்திரையையோ சின்னத்தையோ எடுத்துத் துணியில் பறப்பதுபோல் வரைந்துவிட்டார். மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமலிருக்க வைத்த கெட்டி அட்டை அது, அரசிதழ் அல்ல. சேகரியுங்கள், ஆனால் கொடி வரலாற்றுக்குச் சாட்சியாகக் காட்டாதீர்கள்.