பேத்தை மீன் உப்புவது விளையாட்டல்ல

"தொட்டியில் வளர்க்கும் முள் பேத்தை மீனை அடிக்கடி சீண்டி உப்ப வைத்தால் நம்மோடு பழகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது உப்புவது பயத்தில். தண்ணீரை மளமளவென்று விழுங்கித்தான் பந்தாகிறது. தண்ணீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும். அதை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து செத்தும் போகலாம்.

பழக்க வேண்டுமா? சாப்பாடு போதும். ஆளைப் பார்த்ததும் கண்ணாடியோரம் வந்து வாலாட்டும். தாமதமானால் மேலே வந்து தண்ணீரைப் பீய்ச்சும், அவ்வளவு ரோஷம்! அப்புறம், அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டோடு இறால், சிப்பி கொடுங்கள். இல்லாவிட்டால் பல் நீண்டு சாப்பிடவே முடியாமல் போகும். 30 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடிய மீன் இது, சின்னத் தொட்டி சரிப்படாது.