மென்பொருள் படிக்க "நல்ல சேர்" தேடுகிற பெற்றோருக்கு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளின் அம்மா அப்பாமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சொஃப்ட்வெயார் படிப்பிக்க மட்டக்களப்பில் நல்ல சேர் ஆர் இருக்கிறார்?" கல்லடியிலிருந்தும் கேட்கிறார்கள், களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கேட்கிறார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் அழைப்பு வருகிறது. இந்தத் துறையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு பெயராவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நான் இப்போதெல்லாம் பெயர் சொல்வதில்லை. "பிள்ளையோடு சேர்ந்து படிக்க இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்களா?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் நான் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பாரிஸில் 42 என்று ஒரு மென்பொருள் பள்ளிக்கூடம் இருக்கிறது. தொலைத்தொடர்புத் தொழிலதிபர் சேவியர் நியேல் தன் பணத்தைப் போட்டு 2013இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. முந்தைய பட்டம், சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. விரிவுரையும் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. சேர விரும்புகிறவர்கள் முதலில் ஏறத்தாழ நாலு வாரம் ஒரு கடும் தேர்வைக் கடக்க வேண்டும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் கட்டளைகளில் தொடங்கி சி என்ற நிரல் மொழிக்குப் போகும் பயிற்சிகள் நாளுக்கு நாள் வந்துகொண்டே இருக்கும். எழுதிய நிரலை (கோட்) ஒரு மென்பொருள் தானாகவே திருத்தும், பக்கத்தில் இருக்கிற இன்னொரு மாணவரும் திருத்துவார். அந்த நாலு வாரத்தில் நிறையப் பேர் கழன்றுவிடுவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி முறைதான். உங்கள் வேலையை மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டுமென்றால் உங்களிடம் புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளி எப்படி வரும்? இன்னொருவரின் வேலையை நீங்கள் உட்கார்ந்து திருத்தினால்தான் வரும். ஆகவே கெட்டிக்காரன் ஒருவன் மூலையில் தனியாக இருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போக முடியாது. பிந்தி வருகிறவனும் மற்றவருடைய நிரலைப் படிக்காமல் தப்ப முடியாது. இன்று இதே முறையில் தோக்கியோ, கோலாலம்பூர், அபுதாபி என்று பல நகரங்களில் கிளைகள் ஓடுகின்றன. கலிபோர்னியாவில் 2016இல் திறந்த கிளையை 2020இல் மூடிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2015இல் தொடங்கிய ஹோல்பர்ட்டன் என்ற பள்ளியும் ஆசிரியர் இல்லாமல், புரொஜெக்ட் செய்து படிக்கிற வழியைத்தான் பிடித்தது. அங்கே படிக்கும்போது காசு கட்டத் தேவையில்லை, வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம், கடனோடு வாழ்க்கையைத் தொடங்க விடக்கூடாது.

"வாத்தியார் இல்லாமல் படிப்பா?" என்று நெற்றியைச் சுருக்குகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றைப் பொறுப்பெடுத்தார். படிப்பிக்கப் போதிய ஆள் இல்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தன் இல்லத்துக்கும் கொண்டுவந்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார். பிறகு அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. பாரிஸ்காரர் கணினி வைத்துச் செய்வதைத் தமிழ்ப் பிள்ளைகள் மணலை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, எங்கள் ஊரில் இது எப்படி இருக்கும்? கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் வார இறுதியில் கூடுகிற சிறு குழுவொன்றுக்கு நான் பயிற்சித் தாள் எழுதிக் கொடுக்கிறேன். பாடம் எடுப்பதில்லை. அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொக்கட்டிச்சோலைத் தம்பி ஒருவர் ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி எடுக்கிற சின்ன நிரலை சி மொழியில் எழுதியிருந்தார். ஓட்டிக் காட்டினார், சரியாக வந்தது. திருத்த உட்கார்ந்தது சம்மாந்துறையிலிருந்து வருகிற தங்கச்சி. அவர் நிரலை வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "இதில கடைசிப் பூச்சியம் எங்க போட்டிருக்கிறீங்க?" என்றார். சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது கடைசியில் வைக்கிற அந்தப் பூச்சியம்தான். "சரியாத்தானே வருது" என்றார் தம்பி. "வாறது அதிர்ஷ்டத்தால. முதல்ல ஒரு நீளமான சொல்லைப் பிரதி எடுங்க, அதே இடத்தில பிறகு ஒரு சின்னச் சொல்லைப் போடுங்க." போட்டார். சின்னச் சொல்லின் வாலில் பழைய சொல்லின் மிச்சம் தொங்கிக்கொண்டு வந்தது. தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே நினைவகத்தைக் கட்டம் கட்டமாகக் கடதாசியில் கீறத் தொடங்கிவிட்டார்.

இதையே நான் பலகையில் எழுதி, "கடைசியில் பூச்சியம் வைக்க மறக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டிருப்பார்கள். அடுத்த கிழமை பாதிப்பேர் மறந்தும் இருப்பார்கள். அந்தத் தங்கச்சிக்கும் இதில் பெரிய இலாபம். மற்றவர் எழுதியதை வாசித்து, எங்கே உடையும் என்று ஊகித்து, புண்படாமல் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. நான் வேலை செய்கிற இடத்தில் தினமும் நடப்பதும் இதுதான். ஒருவர் எழுதிய கோட் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் உள்ளே போகாது. இந்தப் பழக்கம் ரியூட்டில் அச்சடித்துக் கொடுக்கிற விசயம் இல்லை.

ரியூசனைத் திட்டுவது என் நோக்கமில்லை. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காக ஓடுகிற பிள்ளைக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வருடக்கணக்காக நூறு, இருநூறு பேரோடு ஒரு மண்டபத்தில் இருந்து, சேர் சொல்வதைக் கேட்டு எழுதியே பழகிய பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. விடை எங்கேயோ ஒருவரிடம் இருக்கிறது, அவர் தரும்வரை காத்திருக்கலாம் என்ற பழக்கம். மென்பொருளில் அது சரிவராது. நாளைக்கு வரப்போகிற பிழைக்கு இன்று யாரிடமும் விடை இல்லை. அதே நேரம், சுயமாகத் தட்டித் தடவிப் படிக்க இதைவிட வசதியான துறையும் இல்லை. தவறாக எழுதினால் பெரும்பாலும் கணினி உடனே சொல்லிவிடும், யாருக்கும் காயம் வராது, திருத்தி மறுபடி ஓட்டலாம். மருத்துவத்தை இப்படிப் படிக்கச் சொல்லமாட்டேன்.

நாட்டுக்குள்ளேயே இதற்குக் கிட்டவான வழி ஒன்று முன்பே இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிற பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். எங்கே, எப்படிப் படித்தாலும் பரீட்சை எழுதலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதைத் தனியாகத் தொடங்கித் தனியாகவே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். மூளை காணாமல் அல்ல. "இன்றைக்கு எவ்வளவு முடிச்சீங்க?" என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல்தான்.

இங்கேதான் நான் பாரிஸ்காரரோடு ஒத்துப்போகவில்லை. அங்கே நீந்தத் தெரியாதவன் தானாக வெளியேறிவிடுவான், இடம் அடுத்தவனுக்கு. எங்களிடம் அப்படி விட்டால் முதலில் காணாமல் போவது யார் என்று எனக்குத் தெரியும். படுவான்கரையிலிருந்து பஸ் மாறி வருகிற பிள்ளை, ஆங்கிலம் தடுக்குகிற பிள்ளை, வீட்டில் லப்டொப் இல்லாத பிள்ளை. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் பிள்ளைகளை நாங்கள் பழக்கவில்லை, சொன்னால் வகுப்பில் சிரிப்புத்தான் கிடைத்திருக்கிறது. ஆகவே பாடம் எடுக்க அல்ல, யார் இரண்டு வாரமாகப் பேசாமல் இருக்கிறார் என்று பார்க்க ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். அவருக்குக் கணினி தெரிந்திருக்கத் தேவையே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தால் அதைவிட நல்லது.

அப்புறம், 24 மணிநேரமும் திறந்திருக்கும் என்பதை 42 பெருமையாகச் சொல்லும். இங்கே அது ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாக முடியும். இரவு பத்து மணிக்கு ஏறாவூருக்கோ காத்தான்குடிக்கோ ஒரு பெண் பிள்ளை எப்படித் திரும்பிப் போவது? காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை திறந்தால் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. நிரலும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் நடக்கட்டும். ஒரு பிழைச் செய்தியை இருவர் சேர்ந்து வாசித்து, "இது என்ன சொல்லுது?" என்று தமிழில் சண்டைபிடித்தால் ஆங்கிலமும் சேர்ந்தே வளர்கிறது, அதை என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

"எல்லாவற்றையும் சட்ஜிபிடி எழுதிக் கொடுக்குமே, இவ்வளவு பாடு ஏன்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்கும்தான். ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்து "இந்த வரி ஏன்?" என்று கேட்கும்போது அது வந்து பதில் சொல்லாது. எழுதியவர் வாய்திறந்து விளக்கும்வரை புரொஜெக்ட் முடியவில்லை என்று ஒரு விதி வைத்தால், யார் எதைப் பார்த்து எழுதினார் என்று துப்பறிய வேண்டியதில்லை. 42இல் பரீட்சை நேரத்தில் இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். அதையும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக்காகத்தான் கேட்கிறேன். மாவட்டம் முழுக்கப் பொது நூலகங்களில் மேசை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. பாடசாலைக் கணினி அறைகள் சனி ஞாயிறில் பூட்டிக் கிடக்கின்றன. பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் நன்றாகவே ஓடும். முதல் மூன்று மாதத்துக்கு லினக்ஸ் கட்டளைகள், கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கருவி), சி மொழி இவ்வளவும் போதும். தாள்களை நான் எழுதித் தருகிறேன், யாரும் பிரதி எடுத்துப் பாவிக்கலாம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அறையொன்றின் திறப்பைப் பொறுப்பாக வைத்திருக்கக்கூடிய அதிபர், நூலகர், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பிள்ளைக்குச் சேர் தேடுகிற பெற்றோர், அதே ஊரில் அதே தேடலில் இருக்கிற இன்னும் நாலு வீட்டாரின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.